மழை வந்தால் நெட் போகிறதா? லேண்ட்லைன் இணைய இணைப்பில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

மழை பிடித்தால் நெட் போய்விடுகிறது. இரண்டு நாள் வெயில் அடித்தால் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. லைன்மேன் வந்து பார்க்கிற நேரம் பார்த்து எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. "ஒண்ணும் பிராப்ளம் இல்லையே" என்று சொல்லி அவரும் கிளம்பிவிடுகிறார்.

சான்பாடா, வாஷி பக்கம் இன்னும் செம்புக் கம்பி லேண்ட்லைன் வழியாக இணையம் வைத்திருப்பவர் நீங்கள் என்றால், இந்தக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. பக்கத்திலேயே தாணே கழிமுகம், அதன் உப்புக் காற்று. செம்பு இணைப்புகளுக்கு இதைவிட மோசமான இடம் கிடைப்பது கஷ்டம்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மும்பை, நவி மும்பை, தாணே ஆகிய பகுதிகளின் அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்டிஎன்எல் 1986-ல் தொடங்கப்பட்டது. 2005-ல் 'டிரைபேண்ட்' என்ற பெயரில் இதே தொலைபேசிக் கம்பியில் பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்தது. 2020 ஜனவரி 31-ம் தேதி அதன் ஊழியர்கள் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். 2025 ஜனவரி முதல் அதன் சேவைகளை பிஎஸ்என்எல் நடத்துகிறது. கம்பி பழையது, அதைத் தெரிந்த கைகள் குறைவு. ஆகவே வருகிற லைன்மேனை முதல் தடவையே சரியான இடத்துக்கு அனுப்புவது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதற்குக் கோளாறு எந்தப் பகுதியில் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பி எந்த வழியாக வருகிறது?

எக்ஸ்சேஞ்சிலிருந்து தெருவோரப் பெட்டி, அங்கிருந்து உங்கள் சொசைட்டியின் இணைப்புப் பெட்டி (லைன்மேன்கள் 'டிபி பாக்ஸ்' என்பார்கள்), அங்கிருந்து உங்கள் வீட்டுச் சுவர். வழி நெடுக ஒரே ஜோடி செம்புக் கம்பி, நடுவில் பல முடிச்சுகள். உங்கள் பேச்சுக் குரலுக்கு இந்தக் கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸ் போதும். ஆனால் இணையத்துக்கான ஏடிஎஸ்எல்2+ தொழில்நுட்பம் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை அதே கம்பியைப் பயன்படுத்துகிறது. அதனால்தான் போன் நன்றாகப் பேசும்போதே நெட் மட்டும் படுத்துக்கொள்கிறது. குரல் தாங்கிக்கொள்ளும் ஒரு துருப்பிடித்த முடிச்சை உயர் அதிர்வெண் தாங்குவதில்லை.

தூரமும் முக்கியம். இந்தத் தொழில்நுட்பத்தின் உச்ச வேகமான 24 எம்பிபிஎஸ், எக்ஸ்சேஞ்சுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்குத்தான். நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் சில எம்பிபிஎஸ் வருவதே பெரிய விஷயம்.

முதலில் வைஃபையைச் சந்தேகியுங்கள்

'நெட் போச்சு' என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் வைஃபை போவதுதான். அடுக்குமாடியில் இருபது வீட்டு வைஃபை ஒரே அலைவரிசையில் முட்டிக்கொண்டிருக்கும். ஒரு லேப்டாப்பை மோடத்தோடு கேபிள் போட்டு நேராக இணைத்துப் பாருங்கள். கேபிளில் சீராக ஓடினால் லைன்மேனைக் கூப்பிடாதீர்கள். மோடத்தை இடம் மாற்றுங்கள், வைஃபை சேனலை மாற்றுங்கள்.

கேபிளிலும் விழுகிறதா? மோடத்தின் விளக்குகளைக் கவனியுங்கள். டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால், எக்ஸ்சேஞ்ச் வரை கம்பி பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிரச்சினை லாகின், கடவுச்சொல், கட்டாத பில் அல்லது நிறுவனத்தின் சர்வர் பக்கம். டிஎஸ்எல் விளக்கே மினுங்கினால் கம்பியில்தான் கோளாறு.

இந்த நேரத்தில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு, மோடத்தின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு ரீசெட் செய்வது. உள்ளே இருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல், விபிஐ, விசிஐ எண்கள் எல்லாம் அழிந்துவிடும். எம்டிஎன்எல் இணைப்புகளில் வழக்கமாக 0, 32 என்றும் பிஎஸ்என்எல்லில் 0, 35 என்றும் இவை இருக்கும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்து வைக்காமல் அந்த ஓட்டைப் பக்கமே போகாதீர்கள். சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு. அதில் எதுவும் அழியாது.

போனைக் காதில் வைத்துக் கேளுங்கள்

காசு செலவில்லாத சோதனை இதுதான். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரே ஒரு எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்று அமைதியாகும். அந்த அமைதியில் கரகரப்போ இரைச்சலோ கேட்டால் எங்கோ ஒரு முடிச்சில் ஈரம் இறங்கியிருக்கிறது, அல்லது செம்பு பச்சை பூத்திருக்கிறது. போன் அழைப்பு வரும்போதெல்லாம் நெட் அறுந்தால் பெரும்பாலும் ஸ்ப்ளிட்டர்தான் குற்றவாளி. ஹாலில் ஸ்ப்ளிட்டர் போட்டுவிட்டு, பெட்ரூமில் இருக்கும் பேரலல் போனை நேரடியாக மாட்டியிருப்பார்கள். அந்த ஒரு போன் போதும் மொத்த இணைப்பையும் கெடுக்க. போன் முழுக்கச் செத்துப்போய் நெட் மட்டும் ஆமை வேகத்தில் நகர்ந்தால், ஜோடிக் கம்பியில் ஒன்று அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் ஒற்றைக் கம்பியிலும் ஏடிஎஸ்எல் தட்டுத்தடுமாறி ஓடும்.

அடுத்து, வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதைப் பிரிக்க வேண்டும். எல்லா போன்களையும் கழற்றுங்கள். ஸ்ப்ளிட்டரையும் கழற்றுங்கள். கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில், குட்டையான புது ஒயரால் மோடத்தை மட்டும் மாட்டி ஒரு நாள் ஓட விடுங்கள். சரியாகிவிட்டால் பழுது உங்கள் வீட்டு ஒயரிங்கில். இல்லையென்றால் வெளியே. டிபி பாக்ஸை நீங்களே திறக்க வேண்டாம், பக்கத்து வீட்டு லைனும் சேர்ந்து போகும். லைன்மேனிடம் "முடிச்சைப் புதுசாகப் போடுங்கள், இல்லையென்றால் வேறு ஜோடிக்கு மாற்றுங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

மோடம் சொல்லும் மூன்று எண்கள்

பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் பெரும்பாலான மோடங்களின் பக்கம் திறக்கும். அதில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எஸ்என்ஆர் மார்ஜின்' என்பது இரைச்சலுக்கு மேலே உங்கள் சிக்னல் எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்ற கணக்கு. 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி; 6-க்குக் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். 'அட்டனுவேஷன்' தூரத்தில் சிக்னல் தேய்வது. 60 டெசிபலை நெருங்கினால் லைன் அதன் எல்லையில் நிற்கிறது. 'சிஆர்சி' பிழைகள் நிமிடத்துக்கு நிமிடம் எகிறினால் கம்பியில் சத்தம் நுழைகிறது.

அட்டனுவேஷன் பொதுவாக மாறாது. மார்ஜின் மாறும். எப்போது மாறுகிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. தரவுகளோடு மல்லுக்கட்டுவதே வேலை என்பதால் சொல்கிறேன்: ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஏழு நாள், தினமும் நான்கு வேளை, மார்ஜின் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எத்தனை மணிக்கு அறுந்தது, மழையா வெயிலா என்று எழுதுங்கள்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் ஆபெர்ஹோசன் கிராமம் நல்ல சாட்சி. அங்கே சுமார் 18 மாதங்கள் தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்துவிடும். கேபிள்களை மாற்றியும் தீரவில்லை. கடைசியில் பொறியாளர்கள் காலையிலேயே கருவியோடு தெருத் தெருவாக நடந்து, ஒரு வீட்டின் பழைய டிவியைக் கண்டுபிடித்தார்கள். அதைப் போடும்போதெல்லாம் கிளம்பிய மின் இரைச்சல்தான் காரணம். 2020-ல் இது உலகச் செய்தியானது.

உங்கள் வீட்டில் அது மலிவான எல்இடி பல்பாகவோ, சார்ஜராகவோ, தண்ணீர் மோட்டாராகவோ இருக்கலாம். பழைய மீடியம் வேவ் ரேடியோ இருந்தால், எந்த நிலையமும் கேட்காத இடத்தில் முள்ளை நிறுத்தி வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எதன் அருகில் சத்தம் கூடுகிறதோ அதை அணைத்துவிட்டு மார்ஜினைப் பாருங்கள். மழைக்குப் பின் மட்டும் மார்ஜின் சரிந்தால் ரேடியோ தேவையில்லை, அது வெளி முடிச்சில் ஈரம்தான்.

புகாரை எப்படி எழுதுவது?

"நெட் ஸ்லோ" என்று சொன்னால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். "முதல் பெட்டியில் ஸ்ப்ளிட்டர் இல்லாமல் சோதித்தேன், மழை நாளில் மார்ஜின் 11-லிருந்து 4-க்கு இறங்குகிறது, போனில் கரகரப்பு இருக்கிறது" என்று எழுதுங்கள். 2023 ஜனவரி முதல், குறைந்தது 2 எம்பிபிஎஸ் பதிவிறக்க வேகம் இருந்தால்தான் அது பிராட்பேண்ட் என்பது அரசின் வரையறை. உங்கள் நோட்டில் அதற்குக் கீழே எண்கள் இருந்தால் அதையும் சேருங்கள்.

புகார் எண்ணை (இங்கே 'தக்ரார் நம்பர்') வாங்காமல் போனை வைக்காதீர்கள். டிராய் அமைப்பின் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சேவைத் தர விதிகளின்படி, கம்பிவழி இணைப்பின் பழுது மூன்று நாளைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு உண்டு. அந்த மூன்று நாளை நிரூபிக்கப் புகார் எண்தான் ஆதாரம். தீர்வு பிடிக்கவில்லை என்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அதற்குப் பிறகு நுகர்வோர் உதவி எண் 1915, நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஃபைபருக்கு மாறலாமா?

அட்டனுவேஷனே 60-ஐத் தொடுகிறது என்றால் எத்தனை முடிச்சு மாற்றினாலும் பெரிய பலன் இருக்காது. கண்ணாடி இழைக்கு ஈரமும் மின் இரைச்சலும் ஒரு பொருட்டே இல்லை. பிரிட்டனில் பழைய செம்புத் தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரியில் முழுவதுமாக மூடத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் வயதானவர்கள் அந்த லேண்ட்லைனை நம்பி இருந்தால், மாறும் முன் ஒன்றைக் கவனியுங்கள். செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் வருகிறது. கரண்ட் போனாலும் சாதாரண போன் பேசும். ஃபைபர் பெட்டி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போன அந்த நிமிடமே போனும் போய்விடும். அந்தப் பெட்டிக்கென்று ஒரு சின்ன பேட்டரி பேக்கப் வாங்குங்கள், பழைய எண்ணையே தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், புது இணைப்பு இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.