ஒரு கப்பல் பயணமும் ஒரு சேமநிதித் தாளும்



நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் குடும்ப வழிமரம் வரையும் பணியைக் கொடுத்திருந்தேன். மறுநாள் ஒரு மாணவி கொண்டு வந்த தாளில் ஒரு கிளை மட்டும் பெயரின்றி இருந்தது. காரணம் கேட்டேன். "அந்தத் தாத்தா இந்தியாவுக்குப் போயிட்டாராம் டீச்சர். அதுக்கப்புறம் யாருக்கும் தெரியாதாம்" என்றாள். அந்தப் பதில் என்னை உறுத்தியது. என் குடும்ப வழிமரத்திலும் அப்படியொரு கிளை உண்டு. அந்தக் கிளையின் கதையையும், அதற்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் இங்கே எழுதலாம் என எண்ணுகிறேன்.

என் தாத்தாவும் அவருடைய தம்பியும் 1937ஆம் ஆண்டு தம் தந்தையோடு மலாயாவுக்கு வந்தவர்கள். தாத்தாவுக்கு அப்போது வயது 13, சின்னத் தாத்தாவுக்கு வயது 10. அடுத்த ஆண்டே, அதாவது 1938இல், உடலுழைப்புத் தொழிலாளர்கள் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. ஆகவே அந்த வழியில் வந்த கடைசித் தலைமுறையினர் என்றே அவர்களைச் சொல்லலாம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருவரும் பால்மரம் வெட்டினார்கள். அண்ணன் இந்நாட்டிலேயே கண்ணை மூடினார். தம்பி 1970இல் மனைவி, மகளோடு கப்பலேறினார்.

அண்மையில் பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது சின்னத் தாத்தாவின் ஊழியர் சேமநிதிக் கணக்குத் தாள் ஒன்று கிடைத்தது. 1,762 வெள்ளி 40 காசு என்று அதில் இருந்தது. அதனோடு ஒரு நீல நிற வான்கடிதமும் இருந்தது. கடிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தாளின் வரலாற்றைப் பார்ப்போம்.

இருவகைத் தமிழர், இருவகை முதுமை

மலாயாவுக்கு வந்த தமிழர் அனைவரும் ஒரே வகையான வேலைக்கு வந்தவர்கள் அல்லர். 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டிற்கும் இடையே முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. அதன்பின் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஆங்கிலம் கற்ற எழுத்தர்கள் பெருமளவில் தேவைப்பட்டனர். அவ்வேலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பலர் வந்தனர். ஓய்வு பெற்றதும் அவர்களுள் பலர் யாழ்ப்பாணத்திற்கே திரும்பினர். அங்கே அவர்களை 'மலாயா பென்சன்காரர்' என்று அழைத்தனர். மனிதர் கடல் கடந்து போனார், அவருடைய ஓய்வூதியமும் அவரைத் தொடர்ந்து போயிற்று. உயிருள்ளவரை அது மாதந்தோறும் வந்து சேரும் வருமானமாக இருந்தது. கல்வீடு கட்டவும், நிலம் வாங்கவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் மலாயாப் பணம் உதவிற்று.

தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. அவருக்குச் சம்பளம் நாட்கூலியாகக் கணக்கிடப்பட்டது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. உடல் தளர்ந்தபின் கொடுக்கவேண்டிய ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. 1907இல் ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தொழிலாளர்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு முதலாளிகளிடமிருந்து அதற்குப் பணம் வசூலிக்கப்பட்டது. புதிய ஆட்களைக் கொண்டுவரும் செலவுக்கே அந்நிதி முதன்மையாக ஏற்பட்டது. நோயுற்றவரையும் முதியவரையும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கப்பல் செலவும் அதிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆக, எழுத்தருக்கு ஓய்வூதியம் கிடைத்த இடத்தில் தொழிலாளிக்குக் கிடைத்தது ஒருவழிக் கப்பல் டிக்கெட். உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தபோது, 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் கையோடு கொண்டுபோக உழைத்த ஆண்டுகளுக்கான கணக்கு என்று ஏதும் இருக்கவில்லை.

1951இல் வந்த மாற்றம்

இந்நிலையை மாற்றியது 1951ஆம் ஆண்டின் ஊழியர் சேமநிதிச் சட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 5 பங்கு பிடிக்கப்பட்டது. முதலாளி தம் பங்காக இன்னொரு 5 பங்கைச் செலுத்தவேண்டும். 55 வயதில் அத்தொகையை வட்டியோடு பெற்றுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இதே நோக்கத்தோடு மத்திய சேமநிதி 1955 ஜூலை முதல் நாள் தொடங்கப்பட்டது.

நம் தோட்டத்து மக்களின் வரலாற்றில் இது பெரிய செய்தி என்பது என் கருத்து. தோட்டத்து லயத்தில் குடியிருந்தவருக்கு வீடு சொந்தமில்லை, நிலம் சொந்தமில்லை. ஆனால் அவருடைய பெயரில், அவருடைய எண்ணில், ஒரு கணக்கு இருந்தது. கையெழுத்திடத் தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்தவருக்கும் அது இருந்தது. நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறுவோர் 55 வயதுக்கு முன்னரே பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் அச்சட்டம் இடம் கொடுத்தது. தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கால உரிமையும் கடல் கடக்க வழி பிறந்தது.

ஆனால் ஓய்வூதியத்திற்கும் சேமநிதிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஓய்வூதியம் மாதந்தோறும் வருவது. சேமநிதி ஒரே முறை வருவது. அந்த வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதைச் சின்னத் தாத்தா தம் வாழ்க்கையில் கண்டார்.

சிவப்பு அடையாளக் கார்டு

1957இல் நாடு விடுதலை பெற்றபோது, வெளிநாட்டில் பிறந்தவர்கள் விண்ணப்பம் செய்து குடியுரிமை பெறவேண்டியிருந்தது. எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தோம் என்பதைக் காட்டவேண்டும், மலாய்மொழி ஓரளவு தெரிந்திருக்கவேண்டும். தாத்தாவுக்குத் தோட்டத்துக் கிராணி ஒருவர் பாரங்களை நிரப்பிக் கொடுத்தார். சின்னத் தாத்தா, "எப்படியும் ஒரு நாள் ஊருக்குத்தானே போகப்போகிறோம்" என்று இருந்துவிட்டார் என அப்பா சொல்வார். அண்ணனுக்கு நீல அடையாளக் கார்டு, தம்பிக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நிற வேறுபாட்டை லயத்தில் யாரும் பெரிதாக எண்ணவில்லை.

1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்பது அதன் சாரம். 1969 மே 13 கலவரத்திற்குப் பிறகு அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்கள் தாம் பிழைத்த வேலைக்கே அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினர் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவர். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் படித்தபோது இது என் குறிப்பேட்டில் ஒற்றை வரியாக இருந்தது: 'பலர் நாடு திரும்பினர்.' அந்த வரிக்குள் என் சின்னத் தாத்தாவும் இருக்கிறார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் மகள் 1958இல் இங்கே பிறந்தவள். விடுதலை நாளுக்குப்பின் இந்நாட்டில் பிறந்ததால் சட்டப்படி அவள் மலாயாக் குடிமகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியே எங்கே இருப்பாள்? குடியுரிமையை இங்கே விட்டுவிட்டுப் பெற்றோரோடு பினாங்கில் 'ரஜூலா' கப்பலேறினாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள் என்று அப்பா வருத்தத்தோடு நினைவுகூர்வார்.

ஒரு கணக்கு

இப்போது அந்தத் தாளில் உள்ள 1,762 வெள்ளி 40 காசுக்கு வருவோம். வகுப்பில் மாணவர்களுக்குக் கணக்குக் கொடுப்பது போலவே பார்க்கலாம். 1966இல் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 45 காசு கிடைத்தது. ஆகவே சின்னத் தாத்தா கொண்டுபோன சேமநிதி சுமார் 4,300 ரூபாய். லயத்தில் அதைப் பெருந்தொகை என்றுதான் பேசினார்களாம். ஆனால் அவருக்கு வயது 43. அப்பணத்தை இருபது ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் மாதத்திற்கு 18 ரூபாய்தான் வரும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் விலைவாசி கடுமையாக ஏறியதையும் நாம் மறக்கக்கூடாது.

யாழ்ப்பாணத்துப் பென்சன்காரரின் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1967 நவம்பரில் இலங்கை ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. வெள்ளிக் கணக்கில் ஓய்வூதியம் பெற்றவருக்கு அதன்பின் அதே வெள்ளிக்கு முன்னிலும் கூடுதலான ரூபாய் கிடைக்கும். மாதந்தோறும் வரும் பணம் நாணய மாற்றத்திற்கு ஏற்ப ஓரளவு ஈடுகொடுத்தது. ஒரே முறையில் மாற்றி வாங்கிய பணத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை.

இங்கேயே இருந்த தாத்தா 1979இல் 55 வயதானபோது சேமநிதியிலிருந்து 5,000 வெள்ளிக்குச் சற்று மேல் பெற்றார். ஒரே தோட்டம், ஒரே வேலை. தம்பி அறுவடைக்கு முன்பே வயலை விட்டுப் போகவேண்டியதாயிற்று.

வான்கடிதம்

அந்தக் கடிதம் 1975இல் எழுதப்பட்டது. மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, 200 வெள்ளி அனுப்ப இயலுமா என்று சின்னத் தாத்தா கேட்டிருந்தார். சேமநிதிப் பணத்தில் வாங்கிய இரண்டு மாடுகளும் போய்விட்டன, பங்காளிகள் நிலத்தில் பங்கு தரவில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருந்தது. தாம் கொடுத்துவிட்டு வந்த தாளைக் கொண்டுபோய்க் காட்டி, கணக்கில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அண்ணன் விசாரித்துச் சொல்லவேண்டும் என்பதே அது.

மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது. முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டுதான் அவர் போனார். அதைத் தம்பிக்கு எப்படி எழுதுவது என்று தாத்தாவுக்குத் தெரியவில்லையாம். அனுப்பப் பணமும் இல்லையாம், பள்ளி செல்லும் பிள்ளைகள் ஐவர். அவர் பதில் எழுதவே இல்லை. மறு கடிதமும் வரவில்லை. "உங்க தாத்தா கல்நெஞ்சக்காரர் இல்லம்மா. வெட்கப்பட்டார்" என்று இப்போது அப்பா சொல்கிறார். ஐம்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் "அவர்கள் நம்மை மறந்துவிட்டார்கள்" என்றே சொல்லப்பட்டு வந்தது. உண்மையில் பதில் எழுதாதவர்கள் நாங்கள்தாம்.

இன்று நாம் கவனிக்கவேண்டியவை

இது பழங்கதை அன்று. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து, நம் நாட்டில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தொழிலாளி நூற்றுக்கு 2, முதலாளி நூற்றுக்கு 2 செலுத்தவேண்டும். தொகை சிறிதுதான். ஆனால் 1951இல் நம் பாட்டன்மாருக்குக் கிடைத்தது போலவே, அவர்களுக்கும் தம் பெயரில் ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. அவர்கள் நாடு திரும்பும்போது அது முழுமையாகக் கைக்குக் கிடைக்கவேண்டும் என்று நினைப்பதற்கு மற்றவர்களைவிட நமக்கே காரணம் அதிகம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். சிலர் அங்கேயே குடியேறுகின்றனர். புறப்படுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ளுங்கள். இங்குள்ள சேமிப்பு என்னவாகும்? எப்போது, எந்த வயதில் அதைப் பெறலாம்? மொத்தமாக வருமா, மாதந்தோறும் வருமா? நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு விதிகள் மாறும். ஆகவே உறவினர் சொன்னதை நம்பாமல் உரிய அலுவலகத்திலேயே கேளுங்கள். சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்துவிடுங்கள். தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த மாணவியிடம், வெறுமையாக இருந்த கிளையில் தாத்தாவின் பெயரையாவது கேட்டு எழுதிவரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பெயரோடு வந்தாள். நானும் அன்றிரவு, அந்த வான்கடிதத்தின் பின்புறம் இருந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். பன்னிரண்டு வயதில் கப்பலேறிய என் அத்தைக்கு இப்போது அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். முகவரி மாறியிருக்கலாம், கடிதம் திரும்பியும் வரலாம். ஆயினும் பதில் எழுதவேண்டிய முறை எங்களுடையது அல்லவா?