வீட்டுத் தொட்டியில் பவளம் வெளுக்கிறதா? மருந்து ஊற்றும் முன் பார்க்க வேண்டியவை

நேற்று வரை விரிந்து ஆடிக்கொண்டிருந்த பவளம் இன்று சுருங்கிக் கிடக்கிறது. உடனே கடைக்கு ஓடி ஒரு பாட்டில் மருந்து வாங்கி ஊற்றுவதுதான் பலர் செய்யும் முதல் வேலை. கடல்நீர்த் தொட்டியில் பல நேரம் நோயைவிட இந்த அவசரம்தான் அதிக சேதம் செய்கிறது.

முதலில், அதற்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லையா? தோல் பவளம் எனப்படும் சார்கோஃபைட்டான் அவ்வப்போது பல நாட்கள் மூடிக்கொண்டு, மேலே மெழுகு போன்ற படலத்தை உரித்துப் போடும். அது நோய் இல்லைங்க, இயல்பு. பம்ப் காற்றோட்டம் போல நீரோட்டம் கொஞ்சம் படும்படி வைத்தால் படலம் தானாகப் போய்விடும்.

வெள்ளையில் இரண்டு வகை

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு நிறமும் உணவில் பெரும்பகுதியும் அவை தருவதுதான். வெப்பமோ அளவு மீறிய வெளிச்சமோ தாக்கும்போது பவளம் அவற்றை இழந்துவிடும். அப்போது கண்ணாடி போன்ற சதை வழியாக வெள்ளை எலும்புக்கூடு தெரியும். இதுதான் வெளுப்பு. உற்றுப் பாருங்கள்: பாலிப்கள் இன்னும் நீள்கிறதா? அப்படின்னா உயிர் இருக்கிறது, மீளவும் வாய்ப்பு இருக்கிறது.

சதையே உரிந்து வெறும் எலும்புக்கூடு மிஞ்சியிருந்தால் அது சதை இழப்பு. அந்த இடம் பழையபடி ஆகும் என்று காத்திருந்து பயனில்லை. மீதியைக் காப்பாற்றுவதுதான் வேலை. நிறம் மங்கிப் பழுப்பானால், பெரும்பாலும் வெளிச்சம் குறைவு அல்லது நீரில் சத்து அதிகம் என்று அர்த்தம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

நம் ஊரில் முதல் சந்தேகம் வெப்பநிலை மீதுதான் விழ வேண்டும். தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வசதியானது. ஏப்ரல், மே மாதத்தில் மூன்று மணி நேரம் கரண்ட் போனால் போதும், தண்ணீர் 30-ஐ நெருங்கிவிடும். கடலில்கூட வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் வெளுப்பு தொடங்கிவிடுகிறது. 2024-ல் லட்சத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததும் இந்த வெப்ப அழுத்தத்தால்தான்.

அடுத்தது உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 200 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் குறைந்தால், ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்புச்செறிவு ஏறக்குறைய 37 ஆகிவிடும். அந்த இடத்தை உப்புநீரால் நிரப்பினால் அளவு இறங்கவே இறங்காது. ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த, உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும். குழாய்நீர் வேண்டாம், அதிலுள்ள குளோரினும் செம்பும் பவளத்துக்கு விஷம்.

காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் இருந்தால் நல்லது. காரத்தன்மை 6.5 என்று காட்டினால் ஒரே நாளில் 9-க்கு ஏற்றிவிடாதீர்கள். நாளுக்கு 0.5 முதல் 1 வரை போதும். குறைந்த அளவைவிடத் திடீர் ஏற்றம்தான் சதையை உரிக்கும். இன்னொன்று: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அந்தத் தொட்டிகளில் பவளம் பட்டினி கிடந்து வெளிறுகிறது.

சிகிச்சை எப்போது?

எண்கள் சரி, ஆனாலும் சதை போகிறது என்றால் பவளத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். கிளைப் பவளமான அக்ரோபோராவில் சின்னச் சின்ன வட்டக் கடித் தடங்கள் இருந்தால் தட்டைப்புழு. அயோடின் கலந்த தொட்டிநீரிலோ பவளங்களுக்கான முக்கு மருந்திலோ, பாட்டிலில் சொன்ன அளவிலும் நேரத்திலும் முக்கி எடுத்தால் புழு உதிரும். ஆனால் முட்டை சாகாது. அதைச் சுரண்டி எடுத்து, வாரம் ஒருமுறை என்று சில வாரங்கள் திரும்பச் செய்ய வேண்டும்.

சுத்தியல் பவளம், தீப்பந்தப் பவளம் போன்றவற்றில் பழுப்பு நிறக் கூழ் படர்ந்தால் தாமதிக்கக் கூடாது. பக்கத்துப் பவளத்துக்கும் தொற்றும். பம்ப்களை நிறுத்திவிட்டு, கூழை டியூபால் உறிஞ்சி வெளியேற்றி, பவளத்தைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். கிளைப் பவளத்தில் அடியிலிருந்து சதை உரிந்து மேலேறினால், உயிருள்ள பகுதிக்குள் சற்று மேலே வெட்டி, நுனியைப் புதுக் கல்லில் ஒட்டுவதே பல நேரம் மிஞ்சும் வழி.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தவற விடாதீர்கள். ஜோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்ய வெந்நீரில் வேகவைக்கவே கூடாது. அந்த ஆவி வீட்டில் உள்ள எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

சட்டம்?

செத்த பவளத்துக்குப் பதில் புதுசு வாங்கும் முன் இதையும் பாருங்கள். பாறை கட்டும் கல் பவளங்கள், கடல் விசிறி, கருப்புப் பவளம் எல்லாம் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. நம் கடலில் எடுத்தது, செத்த துண்டாக இருந்தாலும் விற்பது குற்றம். சந்தேகம் இருந்தால் கடைக்காரரை விட்டுடுங்க, மாநில வனத்துறையிடம் கேளுங்கள்.