அம்பகமுவ வீதியின் அந்திப்பொழுது: கம்பளை நகரின் ஊணும் இரவும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரண்மனைகளையும் ஆலயங்களையும் ஆராய்ந்த அளவுக்கு அங்காடித் தெருக்களை ஆராய்ந்தாரல்லர். அங்காடித் தெருவைத் தொட்டவர்களும் பண்டங்களின் விலையோடு நின்றுவிட்டனர். ஒரு நகரத்திலே பொழுது சாய்ந்தபின் யார் நடமாடினர், எங்கே உண்டனர், எதைக் குடித்தனர், எப்போது அஞ்சிக் கதவடைத்தனர் என்பன வரலாற்றுக்கு உரிய வினாக்களாகக் கருதப்படவில்லை. இன்றோ இடைத்தர நகரங்களின் கடைத்தெருக்களுக்கு, சிறப்பாக அவற்றின் மாலைப்பொழுதுக்கு, மீண்டும் உயிரூட்ட வேண்டும் என்னும் பேச்சு பல இடங்களிலும் எழுகின்றது. ஒளிவிளக்குகள், உணவுச்சாலைகள், இசை, உல்லாசப் பயணிகள் என்று அப்பேச்சு விரிகின்றது. ‘மீண்டும்’ என்ற சொல்லை வழங்குவோர் முன்பு அங்கே என்ன இருந்தது என்பதை அறிந்திருத்தல் நன்று. கண்டிக்குத் தெற்கே மகாவலி கங்கைக் கரையில் அமைந்த கம்பளையை எடுத்துக்கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பளை என்றதும் வரலாற்று மாணவர் நினைவுக்கு வருவது பதினான்காம் நூற்றாண்டு. நான்காம் புவனேகபாகு இவ்வூரை அரசிருக்கையாக்கியதும், 1344இல் கடலாதெனியாவும் லங்காதிலகமும் எழுந்ததும், லங்காதிலகப் பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டதும் நன்கு அறியப்பட்டவை. ஆயின் நமது பொருளுக்கு அதனினும் பழைய ஒரு சான்று உதவுகின்றது. கம்பளையின் பெருந்தெரு அம்பகமுவ வீதி என வழங்குகின்றது. அத்தெருவுக்குப் பெயர் தந்த அம்பகமுவையிலே, சோழரை வெளியேற்றிப் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகுவின் கல்வெட்டொன்று உண்டு. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் பசியாறுதற் பொருட்டு அம்மன்னன் செய்த அறங்களை அது கூறும். மலையேறுவோருக்கு உணவளிக்கும் பொறுப்பைக் குறிப்பிட்ட கிராமங்களின் வருவாயின்மேல் அவன் சுமத்தினான். எனவே, வழிப்போக்கர்க்குச் சோறிடும் ஏற்பாடு இப்பாதையில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடையது எனலாம்.  

இவ்வறம் வாணிபமாக மாறியது கோப்பியின் வருகையால். 1824ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்சின் ஆதரவுடன் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியவில் கோப்பி பயிரிட்டார். வணிக நோக்குடைய முதற் கோப்பித் தோட்டங்களுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் புசல்லாவை, இறம்பொடை எனக் காடுகள் அழிந்து தோட்டங்கள் பரவின. கம்பளையிலே பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும். மற்றையது நாவலப்பிட்டி நோக்கிச் செல்லும். மேலே போகும் அரிசியும் கீழே வரும் கோப்பியும் இந்தக் கவரிலே சந்தித்தன. இரண்டையும் சுமந்தவை மாட்டு வண்டிகள். கொழும்பிலிருந்து மலையேற நாட்கணக்கும், மழைக்காலமாயின் வாரக்கணக்கும் பிடித்தன.

வண்டிக்காரனுக்கு இரவு என்பது மாட்டை அவிழ்த்துக் கட்டி, தீ மூட்டி, உண்டு, படுத்து எழும் நேரம். ஆகவே தெருவோரத்தில் பட்டியும் வைக்கோலும் சமைத்த சோறும் விற்கப்பட்டன. தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையூடாக நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளர் கூட்டங்களும் கங்காணியின் பின்னே இவ்வழியாற் சென்றன. துரைமாருக்கு அரசாங்கம் வாடிவீடுகளைக் கட்டிக் கொடுத்தது. வண்டிக்காரனுக்கும் கூலியாளுக்கும் எவரும் எதையும் கட்டிக் கொடுக்கவில்லை. அவர்களுக்கானதைத் தெருவே ஆக்கிக்கொண்டது. அரிசியும் வட்டியும் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கையிலும், சில்லறை வாணிபம் பெரும்பாலும் கரையோரச் சோனகர் கையிலும் இருந்தன. கம்பளையின் இராப்போசனக் கடை இவ்வாறு பிறந்ததாகும். இன்பப் பொழுதுபோக்குக்காகப் பிறந்த ஒன்றன்று அது. இடைவழியில் இருட்டிப்போனவர்களுக்காகப் பிறந்தது.

உணவுக்கடைக்கு இணையாக வளர்ந்தது தவறணை. சாராய விற்பனை உரிமையை அரசாங்கம் ஏலத்திலே குத்தகைக்கு விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அரச வருமானத்தில் அக்குத்தகைப் பணம் சிறுதொகையன்று. குத்தகைக்காரன் இலாபம் காண வேண்டுமாயின் கூலி பெறுவோர் கூடும் இடத்திலே தவறணை வைக்கவேண்டும். தோட்டப்புறச் சந்திகளும் சிறுநகரங்களும் அவ்வாறே தெரிந்தெடுக்கப்பட்டன. சம்பள நாளையடுத்த ஞாயிற்றுக்கிழமையிலே கடைத்தெருவும் தவறணையும் ஒருசேர நிறைந்தன. மேலே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் பெண். அவள் சம்பளத்தையும் பல தோட்டங்களில் ஆண்மக்களே பெற்றுச் சென்றனர் என்பதைத் தோட்டத்துறை ஆய்வுகள் நன்கு காட்டியுள்ளன. கம்பளையின் பழைய இரவு வாழ்வு என்று நாம் இன்று ஏக்கத்துடன் எதையேனும் எண்ணுவோமாயின், அது ஆடவரின் இரவு என்பதையும் அதற்குப் பணம் கொடுத்தவர்களுட் பலர் அங்கே வராதவர்கள் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது; கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1874இல் புகையிரதப் பாதை கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டியை எட்டியது. வண்டிகள் குறைந்தன, இராத்தங்கலும் குறைந்தது. ஆயினும் தெரு சாகவில்லை. தேயிலை ஆண்டு முழுவதும் ஆட்களை வேண்டும் பயிராதலின், பருவத்திற்கு வந்து திரும்பிய கூட்டம் லயன்களிலே நிலையாகத் தங்கிற்று. வழிப்போக்கரை நம்பியிருந்த தெரு வாடிக்கையாளரை நம்பும் தெருவாயிற்று.

இந்நிலையிலேதான் அம்பகமுவ வீதியின் இரவு இலங்கை வரலாற்றையே அசைத்த ஒரு வழக்குக்குக் காரணமாயிற்று. கம்பளை வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹர மேளதாளத்துடன் ஊர்வலம் வரும் பாதையில் சோனகரின் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. வணக்கத் தலத்தின் முன் இசையொலி கூடாதென அவர்கள் முறையிட்டனர். 1912இல் பள்ளிவாசலை அண்மிய தூரத்தில் மேளத்தை நிறுத்த வேண்டுமென அரசாங்க அதிபர் நிபந்தனை விதித்தார். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அதை ஏற்காது, 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை பௌத்த சமயத்துக்கு அளித்த உறுதியை ஆதாரமாகக் காட்டி அரசுக்கெதிராக வழக்காடினார். கண்டி மாவட்ட நீதிபதியாயிருந்த வரலாற்றறிஞர் போல் ஈ. பீரிஸ் 1914இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு மே மாத இறுதியில் வெசாக் இரவிலே கண்டி நகரின் காசல் ஹில் வீதியில் மூண்ட கலகம் சில நாட்களில் மேல், தென் மாகாணங்கள்வரை பரவியது. சோனகரின் கடைகள் பல இடங்களிலும் சூறையாடப்பட்டன. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று.

கலகத்தின் காரணங்களை ஆராய்ந்தோர் சமய உணர்ச்சியோடு போர்க்கால விலையேற்றத்தையும் வணிகப் போட்டியையும் சுட்டுவர். அது பொருந்தும். ஆயின் தொடக்க வினா என்ன என்பதை மறந்துவிடலாகாது. ஒரு தெருவின் இரவிலே யார் எவ்வளவு ஒலி எழுப்பலாம் என்பதே அது. இதனை அயலவர் இருவர் பேசித் தீர்த்திருக்கலாம்; பல ஊர்களில் அவ்வாறு தீர்த்துமிருக்கின்றனர். கம்பளையிலோ அது உரிமை வழக்காகி, ஆட்சியாளரின் ஆணையாகி, நீதிமன்றப் படியேறியது. சமரசத்துக்கு இடமிருந்த தெருவிலே வென்றவர், தோற்றவர் என்ற பிரிவை அத்தீர்ப்புகள் உண்டாக்கின.

தவறணையும் இக்கதைக்குப் புறம்பானதன்று. 1912ஆம் ஆண்டின் கலால் சீர்திருத்தம் கள்ளையும் சாராயத்தையும் வெவ்வேறாக விற்கச் செய்து பெருந்தொகையான புதிய கள்ளுத் தவறணைகளுக்கு வழிதிறந்தது. அதனை எதிர்த்தெழுந்த மதுவிலக்கு இயக்கத்தின் தலைவர்கள் பலர் 1915இல் சிறையிடப்பட்டனர். சாராயக் குத்தகையாற் செல்வமீட்டிய குடும்பங்கள் சிலவற்றின் வாரிசுகளும் மதுவிலக்கு மேடையிலே நின்றமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

சுதந்திரத்தின் பின் கம்பளைத் தெருவின் நிலையை அறியப் பிரசாவுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குவதே முறை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையும் பறிபோயிற்று. கடைத்தெருவின் பெரும்பகுதி வாடிக்கையாளர் யாரோ அவர்களே, அத்தெருவுக்கு விளக்குப் போடும் நகரசபையையோ நாட்டை ஆளும் பாராளுமன்றத்தையோ தெரிவு செய்ய இயலாதவராய் நின்றனர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. மலையகத்தார் ‘அழுகைக் கோச்சி’ என்றழைத்த புகையிரதங்கள் குடும்பங் குடும்பமாக அவர்களை ஏற்றிச் சென்றன. அவற்றில் ஏறிச் சென்றவர்களுள் தெருவின் வாடிக்கையாளரும் அடங்குவர்.

1973, 1974ஆம் ஆண்டுகளில் தெரு வேறொரு காட்சியைக் கண்டது. உலகச் சந்தையிலே தானிய விலை ஏறியது, பங்கீட்டரிசி குறைந்தது, உணவுக்கடைகளில் வாரத்திற் சில நாட்களில் சோறு பரிமாறுவதும் தடைப்பட்டது. சிங்களக் கிராமத்தானுக்கு ஒரு துண்டு நிலமும் ஈரப்பலாவும் மரவள்ளியுமேனும் இருந்தன. லயனில் வாழ்ந்தவனுக்கு அவையும் இல்லை. பசி தாங்காது தோட்டங்களை விட்டிறங்கிய குடும்பங்கள் மலையக நகரங்களின் கடைவாசல்களிற் கையேந்தின. 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்ததை அரச புள்ளிவிவரங்களே ஒப்புக்கொள்கின்றன. விஜயபாகு யாத்திரிகருக்குச் சோறிட ஏற்பாடு செய்த பாதையிலேதான் இதுவும் நிகழ்ந்தது. மன்னராட்சியைப் போற்றுவதற்காக இதைக் கூறவில்லை. தேயிலையை ஏற்றுமதி செய்து அரிசியை இறக்குமதி செய்த பொருளாதாரம் அத்தேயிலையைப் பறித்தவரின் கலத்திலே எதை இட்டது என்பதைக் காட்டவே கூறுகின்றேன்.

பசிக்குப் பின் அச்சம் வந்தது. 1977 ஆகஸ்டு வன்செயல்கள் மலையகத்தையும் தாக்கின. 1983 ஜூலை 26ஆம் நாள் பிற்பகல் கண்டியிலே தமிழர் கடைகள் எரியத் தொடங்கின. அன்று மாலையே வன்முறைக் கூட்டம் கம்பளைக்கும் நகர்ந்தது. பின்வந்த போர்க்காலத்தில் அடையாள அட்டை இன்றி இருட்டியபின் தெருவில் நிற்கத் துணிந்த தமிழ் இளைஞர் அரிது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல் வெடித்தபோது கண்டி மாவட்டம் முழுவதும் ஊரடங்கிற்று. இருட்டுமுன் வீடு சேரும் வழக்கத்தைச் சிலர் சோம்பல் என்பர், சிலர் மலைநாட்டுக் குளிர் என்பர். அது மூன்று தலைமுறை கற்றுக்கொண்ட பாடம் என்பதே என் எண்ணம். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலோடு வந்த வெள்ளமோ கம்பளையிலே இனம் பாராது புகுந்தது.

பிறநாட்டு அனுபவம் ஒன்றை ஈண்டு நோக்கலாம். சிங்கப்பூரிலே தெருவோரத்தில் உணவு விற்றோரை அரசு 1971 முதல் 1986 வரை கட்டிய நிலையங்களில் குடியமர்த்தியது. குழாய் நீர், கழிவுநீர் வடிகால், தாங்கக்கூடிய வாடகை ஆகியவற்றை அரசு அளித்தது. சமையலைச் சமைப்பவரிடமே விட்டது. சீனர், மலாயர், தமிழர் உணவுகள் ஒரே கூரையின்கீழ் விற்கப்பட்டன. 2020இல் யுனெஸ்கோ அப்பண்பாட்டை மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அங்கும் பழைய தெருக்கடைகள் விருப்பின்றியே இடம் பெயர்ந்தன என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், உண்பவர் உழைப்பாளர் என்பதைத் திட்டமிட்டோர் மறக்கவில்லை.

கம்பளைக்கு என்ன வேண்டும்? பிட்டும் இடியப்பமும் விற்கும் சைவக்கடையும், கொத்துரொட்டி தட்டும் முஸ்லிம் கடையும், சோற்றுப் பார்சல் கட்டும் சிங்களக் கடையும் இன்றும் இத்தெருவுக்குரிய கடைகளே; புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின் எஞ்சிய மலையகத் தமிழரும் பிரசைகள். நகர எல்லைக்குள் வாழ்வோர் நகரசபைக்கு வாக்களிக்கின்றனர். ஆயின் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. குடும்பத்தோடு கடையில் அமர்ந்து ஒருவேளை உண்ண அதில் எத்தனை பங்கு போகும் என்பதைத் திட்டம் வரைவோர் முதலிற் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அடுத்து, புசல்லாவைப் பக்கமும் நாவலப்பிட்டிப் பக்கமும் செல்லும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கட்டும். பஸ்ஸை விட்டிறங்கித் தோட்டப்பாதையில் ஏறும் பெண்ணுக்கு அங்கே விளக்கு உண்டா என்றும் பார்க்கட்டும். அம்பகமுவ வீதிக்கென ஒதுக்கும் விளக்குக் கம்பங்களிற் சிலவற்றை அப்பாதை பிரியும் சந்திகளில் நடுவது பற்றி அதற்குப் பின் பேசலாம்.