சோழர்களின் துறைமுகம் உறையூர், அல்லது பிங் சுட்ட கதை

ஒன்பதாவது படிக்கும்போது அரையாண்டு வரலாறு பரீட்சையில் ஒரு கேள்வி. முற்காலச் சோழர்களின் தலைநகரம் எது, துறைமுகம் எது? தலைநகரம் உறையூர்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதிட்டேன். பொறந்து வளர்ந்த ஊராச்சே. துறைமுகம்தான் ஞாபகத்துக்கு வரலை. பக்கத்துல இருந்த நண்பனின் பேப்பரை லேசா எட்டிப் பார்த்தேன். அவன் அவசரத்துல ரெண்டு இடத்துலயும் உறையூர்னே எழுதி வெச்சிருந்தான். நானும் அப்படியே எழுதிட்டேன்.

பேப்பர் குடுத்த அன்னிக்கு வாத்தியார் என்னை எழுப்பி நிக்க வெச்சார். "ஏன்டா, உன் வீடு நாச்சியார் கோயில் பக்கம்தானே? கோயில் வாசல்ல எந்தக் கப்பல்டா வந்து நின்னுச்சு?" வகுப்பே சிரிச்சுது. காவிரிப்பூம்பட்டினம்னு அப்புறம் ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்? சிரிச்சது கூடப் பரவாயில்லை. அந்த ஒரு வரிக்காக மொத்தப் பேப்பருக்கும் சைபர் போட்டுட்டார். மத்த பதில் எல்லாம் நானே ராத்திரி முழிச்சுப் படிச்சு எழுதினது. சொன்னா யார் நம்புவாங்க? ஈயடிச்சான் காப்பிக்கு அந்த ஈதானே சாட்சி!

(கதை தெரியாதவங்களுக்கு: மூலக் காகிதத்துல ஒரு ஈ செத்து ஒட்டிக்கிட்டிருந்ததாம். பிரதி எடுத்த குமாஸ்தா ரொம்ப விசுவாசமானவர். ஒரு ஈயைத் தேடிப் பிடிச்சு அடிச்சு, அதே இடத்துல ஒட்டி வெச்சாராம்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். 2011-ல் கூகிளும் மைக்ரோசாஃப்ட்டின் பிங்கும் போட்ட குழாயடிச் சண்டை நினைவிருக்கா? அதை இப்போ திரும்பிப் பார்த்தா, கூகிள் செஞ்சது வேணும்னே ஈ அடிச்சு ஒட்டி வெச்ச வேலை.

ஆரம்பம் ஒரு எழுத்துப் பிழை. கண் இமைகளைச் சேர்த்துத் தைக்கிற அறுவை சிகிச்சைக்கு டார்சோராஃபின்னு பேர். இங்கிலீஷ்ல அதைச் சரியா எழுத டாக்டருக்கே தடுமாறும். 2010-ல் யாரோ அதைத் தப்பா எழுதி கூகிள்ல தேடியிருக்காங்க. கூகிள் பிழையைத் திருத்தி, சரியான விக்கிபீடியா பக்கத்தை முதல்ல காட்டியது. கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா, அதே தப்பான எழுத்துக்கு பிங்கும் அதே பக்கத்தை முதல்ல காட்டுது. ஆனா பிழையைத் திருத்தவே இல்லை! வழி போட்டதுக்கான அடையாளமே இல்லாம விடை மட்டும் வந்து உட்கார்ந்திருக்கு. எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் இந்த இடத்துல புருவம் உயரும்.

கூகிள்காரங்க பொறி வெச்சாங்க. உலகத்துல யாருமே தேடாத, அர்த்தமே இல்லாத சுமார் நூறு வார்த்தைகளை உருவாக்கினாங்க. அதுல ஒண்ணு: ஹெச், ஐ, ஒய், பி, பி, பி, ஆர், க்யூ, ஏ, ஜி. (இங்கிலீஷ்ல முதல் ரெண்டு பி வேற, மூணாவது வேற. தமிழ்ல எழுதினா எல்லாம் ஒண்ணுதான். நம்ம மொழியில இந்தப் பொறி கொஞ்சம் கஷ்டம் :-)) அதைத் தேடினா லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிற ஒரு அரங்கத்தின் இருக்கை வரைபடம் முதல்ல வரணும்னு கையாலேயே செருகி வெச்சாங்க. அப்புறம் 20 என்ஜினியர்களுக்குப் புது மடிக்கணினி குடுத்து, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எட்டையும் பிங் டூல்பாரையும் போட்டு, வீட்டுல உட்கார்ந்து இந்த வார்த்தைகளை கூகிள்ல தேடி அந்தச் செருகின விடையைக் க்ளிக் பண்ணச் சொன்னாங்க. டிசம்பர் 17, 2010-ல் ஆரம்பிச்சது. டிசம்பர் 31-க்குள்ள பிங்லயும் அதே வார்த்தைக்கு அதே இருக்கை வரைபடம்!

2011 பிப்ரவரி 1-ஆம் தேதி டேனி சல்லிவன் இதைத் தன் 'சர்ச் என்ஜின் லேண்ட்' தளத்தில் போட்டு உடைச்சார். அன்னிக்கே சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கருத்தரங்கு. கூகிளின் மேட் கட்ஸும் பிங்கின் ஹாரி ஷம்மும் ஒரே மேடையில் உட்கார்ந்து மல்லுக்கட்டினாங்க. இவர் காப்பின்னார். அவர், நாங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமிக்ஞைகளைப் பார்க்கிறோம், ஜனங்க எதைக் க்ளிக் பண்றாங்கங்கறது அதுல ஒண்ணு, அவ்வளவுதான்னார்.

படிச்ச அன்னிக்கு நான் கூகிள் கட்சி. மாட்டிக்கிட்டான்யான்னு கை தட்டினேன். ஆனா ஒரு எண்ணிக்கை உறுத்திக்கிட்டே இருந்தது. சுமார் நூறு பொறி வெச்சாங்களே, மாட்டினது எத்தனை? ஏழிலிருந்து ஒன்பது. அவ்வளவுதான்!

பொறி நிரூபிச்சது, பிங் எட்டிப் பார்த்ததுங்கறதை. எவ்வளவு பார்த்ததுங்கறதை நிரூபிக்கலை. 'திருச்சி மலைக்கோட்டை'ன்னு தேடினா பிங்குக்குச் சொந்தமாவே ஆயிரம் தடயம் இருக்கும், கூகிள்ல யார் எதைக் க்ளிக் பண்ணாங்கங்கறது அந்தக் கூட்டத்துல காணாமப் போயிடும். அர்த்தமில்லாத வார்த்தைக்கு வேற தடயமே இல்லை. அதனால அந்த ஒரு குரல் மட்டும் தனியாக் கேட்டுது. ஒரு துறைமுகத்துக்காக மொத்தப் பேப்பருக்கும் சைபர் வாங்கினவனுக்கு இது புரியாம இருக்குமா?

அதுக்காக பிங் சுத்தம்னு சொல்ல மாட்டேன். அந்த இமை அறுவை சிகிச்சை மாதிரி அபூர்வமான தேடல்லதான் தேடுபொறியோட உழைப்பே தெரியும். பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்தினது கூகிள். அறுவடை பிங்குக்கு. இது அநியாயம்தான்.

தப்பை வெச்சு வம்சாவளி கண்டுபிடிக்கிறது நம்ம ஊர்ல பழைய வித்தை. ஏட்டுச்சுவடி பதிப்பிக்கிறவங்களுக்கு இதுதான் தினசரி வேலை. திருச்சி மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சா. ஊர் ஊராச் சுவடி தேடி, ஒப்பிட்டுப் பார்த்து, 1887-ல் சீவக சிந்தாமணியைக் கொண்டு வந்தார். ரெண்டு சுவடியில ஒரே இடத்துல ஒரே பிழை இருந்தா, ரெண்டும் ஒரு தாய்ச் சுவடியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அங்கே பிழை, உறவு தெரிஞ்சுக்கிற வழி. யாரும் யார் மேலயும் திருட்டுப் பட்டம் கட்டலை. பிரதி எடுக்கலேன்னா நூலே மிஞ்சியிருக்காதே.

போட்டி வியாபாரம்னு வந்தா கதை வேற. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ரூரல்னு ஒரு தொலைபேசிக் கம்பெனி. தன் டைரக்டரியில் நாலு பொய்ப் பேரைச் செருகி வெச்சிருந்தது. ஃபெய்ஸ்ட்டுன்னு ஒரு பதிப்பகம், பக்கத்துப் பகுதிகளையும் சேர்த்துப் பெரிய டைரக்டரி போடறதுக்காக உரிமம் கேட்டுது. ரூரல் தரலை. அனுமதியில்லாமலே எடுத்துப் போட்டாங்க. 1,309 பதிவுகள் அச்சு அசல் அப்படியே, அந்த நாலு பொய்ப் பேரும் சேர்த்து. ஈ மாட்டிக்கிச்சு! ஆனா 1991 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன தெரியுமா? காப்பி அடிச்சது உண்மை, குற்றம் இல்லை. பேரும் நம்பரும் யாரோட படைப்பும் இல்லை, தொகுக்க வேர்வை சிந்தினதாலேயே பதிப்புரிமை வந்துடாதுன்னு தீர்ப்பு.

நம்ம உச்ச நீதிமன்றத்துக்கும் இது வந்தது. லக்னோவின் ஈஸ்டர்ன் புக் கம்பெனி, தீர்ப்புகளைத் தொகுத்துப் போடற பழைய பதிப்பகம். அதுலேர்ந்து எடுத்து சி.டி. போட்டுட்டாங்கன்னு வழக்கு. 2007 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த தீர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தீர்ப்பின் மூல வாசகம் ஊர்ப் பொது, யாரும் எடுத்துக்கலாம். ஆனா பதிப்பாசிரியர் யோசிச்சுப் பத்தி பிரிச்சது மாதிரி, தன் புத்தியைச் செலவு பண்ணிச் சேர்த்தது அவருடையது, அதைத் தொடாதே.

இந்தக் கோட்டை கூகிள் பக்கத்துல போட்டுப் பாருங்க. பத்து சுட்டிகளும் உலகத்தோட சொத்து. அதை வரிசைப்படுத்தினது கூகிளோட புத்தி. அதுல மூணாவதைத் தொட்ட விரல்? அது என்னோடது. பிங் எடுத்தது என் விரலசைவை. அதோட கூகிள் வரிசையின் நிழலும் ஒட்டிக்கிட்டுப் போச்சு. என்கிட்ட யாராவது கேட்டாங்களா? டூல்பார் போடும்போது நீளமா ஒரு ஒப்பந்தம் வருமே, படிக்காம 'சரி'ன்னு அமுக்குவோமே, அங்கே கேட்டுட்டாங்களாம்.

கூகிள் மட்டும் யோக்கியமா? கூகிள் டூல்பாரும் இதே காலத்துல இருந்தது. நம்ம மதுரைல பொறந்த சுந்தர் பிச்சை 2004-ல் கூகிள்ல சேர்ந்து முதல்ல பார்த்த வேலையே அதுதான். பேஜ்ரேங்க் பட்டையை ஆன் பண்ணி வெச்சா, நாம போற பக்கத்தோட முகவரி கூகிளுக்குப் போகும். அந்த பேஜ்ரேங்க்கே, ஊர்ல இருக்கிற ஜனங்க யார் யாருக்குச் சுட்டி குடுக்கறாங்கன்னு பார்த்துக் கட்டினது. அதாவது கூகிளும் எட்டிப் பார்த்துதான் ஆளானது. போன தீபாவளிக்கு அந்தப் பழைய நண்பன் போன் பண்ணப்போ துறைமுகக் கதையை எடுத்தேன். "டேய், நானே முன் பெஞ்சுல பார்த்துதான்டா எழுதினேன்"ன்னான். முப்பது வருஷம் கழிச்சு!

இதுக்கு ஒரு கிளைமாக்ஸ் இருக்கு. அமெரிக்க அரசு கூகிள் மேல போட்ட வழக்கில், கூகிள் சட்டவிரோதமா ஏகபோகத்தைக் காப்பாத்திக்கிட்டு வந்ததுன்னு நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5-ல் தீர்ப்புச் சொன்னார். அதுல ஒரு கணக்கு வரும். கூகிளுக்கு 13 மாசத்துல சேர்ற பயனர் தரவு, பிங்குக்குச் சேர 17 வருஷத்துக்கு மேல ஆகும். பிங் ஏன் எட்டிப் பார்த்ததுன்னு இதைவிடத் தெளிவா மைக்ரோசாஃப்ட்டாலேயே சொல்ல முடிஞ்சிருக்காது.

2025 செப்டம்பர் 2-ல் பரிகாரத் தீர்ப்பு. க்ரோமை விக்க வேண்டாம். விளம்பரத் தரவைத் தர வேண்டாம். ஆனா தேடல் அட்டவணையில் ஒரு பகுதியையும், ஜனங்க எதைத் தேடி எதைத் தொட்டாங்கங்கற தரவில் ஒரு பகுதியையும் தகுதியுள்ள போட்டியாளர்களோட பகிர்ந்துக்கணும்னு உத்தரவு. 20 மடிக்கணினி வெச்சுப் பொறி போட்டுப் பிடிச்ச சங்கதி, 15 வருஷத்துக்குள்ள கோர்ட் உத்தரவா வந்து நிக்குது.

வாத்தியாரே நண்பனைக் கூப்பிட்டு, பேப்பரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வைடான்னு சொன்ன மாதிரி. என் சைபரை மட்டும் யாரும் திருத்தித் தரலை :-)