நூல் தெரியும் வரை ஓடலாமா? வாகன ரயர்களைக் கவனிப்பது எப்படி

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்ததை ஒட்டியும் கட்டியும் பாவித்தே அந்தக் காலத்தைக் கடந்தோம். அந்தக் கெட்டித்தனம் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் நூல் தெரியும் வரை ரயரை ஓடவிடும் பழக்கம் இன்றைக்கு உதவாது. அன்று குண்டும் குழியுமான வீதியில் மெதுவாகப் போனோம். இன்று ஏ9 காபெற் வீதியில், வெயிலில், வான் நிறைய ஆட்களோடு கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடுகிறோம். பல வருடங்களாக இந்த வீதியில் வான் ஓட்டுபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

ரயரின் வயது

பூ நன்றாக இருந்தால் ரயரும் நல்லது என்றே பலர் நினைக்கிறார்கள். ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். உறவினர் வெளிநாட்டில் இருக்க, வீட்டு முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கார்களில் இதைக் காணலாம்: பூ புதிது போல இருக்கும், பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும்.

பக்கச் சுவரில் ‘டொட்’ என்ற ஆங்கில எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் கடந்தால் வருடாவருடம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடமானால் பூ இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பாவித்த ரயர் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இந்த இலக்கத்தைப் பாருங்கள்.

பூவின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ரயரின் காலம் முடிந்தது. மாரி மழையில் அது தண்ணீரை வெளியே தள்ளாது.

காற்று

எவ்வளவு காற்று என்பது சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ரயரில் எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அந்த அளவுக்கு அடிக்கக் கூடாது. ஜப்பான் வாகனங்களில் அளவு கிலோபஸ்காலில் இருக்கும். 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 240 என்றால் 35.

காலையில், வாகனம் ஓடுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடானதும் அழுத்தம் கூடுவது இயல்பு; அப்போது காற்றைத் திறந்துவிடாதீர்கள். காற்றுக் குறைந்த ரயர் மடிந்து மடிந்து சூடாகும். பாரமும் வேகமும் சேர்ந்தால் அந்தச் சூட்டில்தான் வெடிக்கும்.

தேய்மானம் சொல்வது

இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் எலைன்மென்ட் பார்க்க வேண்டும். வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பலன்சிங். உள்ளூர்க் கிரவல் வீதிகளில் பெரிய பள்ளத்தில் விழுந்தால் இரண்டையும் பார்ப்பது நல்லது. ஏறக்குறைய 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன் பின் சில்லுகளை மாற்றிப் பூட்டினால் நான்கும் சமமாகத் தேயும்.

ஒட்டு

ஆணி பூவின் நடுப்பகுதியில் ஏறியிருந்தால் ஒட்டலாம். ரயரைக் கழற்றி உள்ளே பார்த்து ஒட்டுவதே நம்பிக்கையானது. பக்கச் சுவரில் வெட்டோ வீக்கமோ இருந்தால் எந்த ஒட்டும் நிற்காது. சில்லைப் பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். சில ஜப்பான் கார்களோடு வரும் மெல்லிய உதிரிச் சில்லு ரயர் கடை வரை போவதற்கு மட்டுமே. அதற்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டு ரயருக்குத்தான் காசு இருக்கிறதென்றால்?

2020இல் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. பழைய வாகனத்தோடு காலம் தள்ளும் குடும்பங்களுக்கு நான்கு ரயரை ஒன்றாக மாற்றுவது பெரிய செலவு. இரண்டு மட்டும் வாங்கினால் பலரும் முன்னுக்குப் போடச் சொல்வார்கள். பின்னுக்குப் போடுங்கள். ஈரவீதியில் முன் ரயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்புண்டு. பின் ரயர் வழுக்கினால் வாகனம் சுழன்றுவிடும். முன்னுக்குப் போகும் பழைய இரண்டும் அந்த மேட்டைத் தொடாதவையாக இருக்க வேண்டும். தொட்டிருந்தால், மற்ற இரண்டுக்கும் காசு சேரும் வரை தூரப் பயணத்துக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள்.