தூத்துக்குடி: ஐரோப்பியர் காலப் பார்வையிடங்கள்

தூத்துக்குடியிலும் அதைச் சார்ந்த முத்துக்குளித்துறையிலும் பயணிகள் பார்க்கத்தக்க இடங்களில் முதன்மையானவை போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் காலங்களில் எழுந்த கட்டடங்களாகும். இங்கே மூன்று நாட்டார் காலமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

முத்துச் சலாபத்தை (முத்துக்குளிப்பை) முன்னிட்டு எழுந்த பூசலில் போர்த்துக்கீசியரின் காவலை நாடிய இக்கரையின் கடலோடிச் சமூகத்தாரான பரதவர், 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் அவர் தங்கிய குகை, கடலை நோக்கிய மணற்குன்றின் சரிவில் இன்றும் உள்ளது. குன்றின் உச்சியில் நிற்கும் திருச்சிலுவை ஆலயம் 1581இல் கட்டப்பட்டது. செப்டம்பர் 14ஆம் நாள் நடைபெறும் திருச்சிலுவை மகிமைப் பெருவிழாவின்போது குன்று முழுவதும் மக்கள் கூட்டமாக இருக்கும்.

நகரின் தலைமைச் சின்னம் பனிமய மாதா பேராலயம். மாதாவின் திருச்சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது என்பது ஆலய மரபு. 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கியும் பரதவர் மாதாவைக் கைவிடவில்லை. அந்த ஆட்சியின் கீழேயே, இயேசு சபையைச் சேர்ந்த விஜிலியுஸ் மான்சி அடிகளாரின் முயற்சியால் இப்போதுள்ள ஆலயம் 1713இல் நிறைவுற்றது. 1982இல் பேராலயத் தகுதி பெற்றது. ஆண்டுதோறும் ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் திருவிழா நிறைவுறும். 1806இல் பரதவர் சாதித்தலைவர் செய்தளித்த தங்கத்தேர் எல்லா ஆண்டும் ஓடுவதில்லை. சிறப்பு ஆண்டுகளில் மட்டும் ஓடும். முந்நூறாம் ஆண்டு விழா நடந்த 2013இல் அது வீதி வந்தது. பீடமும் வளைவுகளும் ஐரோப்பிய முறையில் அமைந்திருக்க, வாசலுக்கு வெளியே வடம் பிடித்துத் தேரிழுக்கும் முறை முற்றிலும் தமிழ்க் கோயில்களுக்குரியது. இக்கரையின் சமய வாழ்வை அறிய விரும்புவோர் திருவிழா நாளில் வருவதே சிறந்தது.

பேராலயத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் டச்சுக்காரர் 1750இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் உள்ளது. அலங்காரமற்ற வெண்சுவர், முகப்பில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரை. அதே மூன்றெழுத்துகளைத்தான், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ. சிதம்பரனாரின் பெயரால், இன்றைய துறைமுகமும் தாங்கியுள்ளது.

1825இல் நகர் நிலையாக ஆங்கிலேயர் வசமானது. கரிசல் நிலத்துப் பருத்தி கப்பலேறிய காலத்தின் நினைவாகக் கிரேட் காட்டன் ரோடு என்ற பெயர் நிலைத்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும் வரை கொழும்புப் பயணிகள் ரயிலில் வந்து இங்கேதான் கப்பலேறினர்.

முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. பழைய துறைமுகத்தில் தோணிகளையும், 1974இல் பெருந்துறைமுகமான புதிய துறைமுகத்தை அடுத்து முயல் தீவையும் காணலாம்.