மௌனம் யாருக்குச் சம்மதம்?

'புறம்போக்கு' என்பதை நாம் வசவாகத்தான் பழகியிருக்கிறோம். வரி விதிப்புக்குப் புறத்தே நின்ற நிலம் என்பதே பதிவேட்டில் அதன் பொருள். மந்தை, மேய்ச்சல், சுடுகாடு, ஓடை என ஊர் பொதுவில் புழங்கிய நிலம். இத்தகைய பொது நிலத்தில் கண்ணாடியிழைக் கேபிள் பதிக்கவும் கோபுரம் நடவும் அனுமதியை வேகப்படுத்து என்கிற குரல் இன்று வலுத்திருக்கிறது. இதை வெறும் தொழில்நுட்பப் பேச்சாக வாசிக்க முடியாது என்பது என் கட்சி.

கம்பம் பள்ளத்தாக்கின் நவீன வரலாறே ஒருவகையில் அனுமதிகளின் வரலாறுதான். 1882இல் சென்னை வனச்சட்டம். 1885இல் இந்தியத் தந்திச் சட்டம். 1886 அக்டோபரில் பெரியாறு குத்தகை. முதலாவது காட்டை அடைத்தது. இரண்டாவது, யார் நிலத்திலும் சர்க்கார் கம்பி போகலாம், நிலம் சொந்தமாகாது, பயன்படுத்தும் உரிமை மட்டும் என்றது. மூன்றாவது 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் என்று 999 வருஷத்துக்கு எழுதி வாங்கியது. 1895இல் அணை முடிந்து தண்ணீர் வந்தது. பள்ளத்தாக்கு சோறு தின்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சர்க்காரும் சமஸ்தானமும் பேசி முடித்த அந்தப் பேச்சில் மலையில் வாழ்ந்த பளியருக்கு இடமே இல்லை.

அவர்களைக் கேட்கவேண்டும் என்று சட்டம் சொல்ல 2006 வரை ஆயிற்று. வன உரிமைச் சட்டம், அரசு நடத்தும் பதின்மூன்று வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது. தொலைத்தொடர்புக் கம்பியும் அதில் ஒன்று. நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபை பரிந்துரைக்கணும். ஆனால் தமிழ்நாட்டில் 2008இல் உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டாக்கள் முடங்கின. 2016இல் உச்ச நீதிமன்றம்தான் அதை விலக்கியது.

அதே 2016 நவம்பரில் வழியுரிமை விதிகள் வந்தன. அறுபது நாளில் அதிகாரி பதில் சொல்லாவிட்டால் அனுமதி 'வழங்கப்பட்டதாகக் கருதப்படும்'. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள விதிகளில் இது 67 நாள். காட்டு நிலத்துக்கு வன அனுமதி தனி. ஆனாலும் இந்தச் செயப்பாட்டுவினையைக் கவனியுங்கள். கருதுவது யார்? எழுவாய் இல்லை. கம்பெனியின் மனு மேசையில் கிடந்தால் தானாகவே பழுக்கிறது. பளியரின் பட்டா மனு கிடந்தால் கிடக்க வேண்டியதுதான். வன உரிமைச் சட்டத்தில் 'கருதப்படும்' என்கிற கருணை கிடையாது. ஒரே மௌனம், ஒருவருக்குச் சம்மதம், இன்னொருவருக்கு மறுப்பு.

"அப்ப மலைக்கு நெட்டே வேணாங்கிறீங்களா?" என்று தோழர்கள் கேட்கலாம். வேணும், உடனே வேணும். ரேஷனுக்குக் கைரேகை, நூறு நாள் வேலைக்குச் செல்போனில் வருகைப்பதிவு என்று அரசே எல்லாவற்றையும் சிக்னலில் கட்டிப்போட்ட பிறகு, சிக்னல் இல்லாத ஊர் கூலி இல்லாத ஊர். தாமதத்தைப் புனிதப்படுத்துவது எதிர்ப்பு அரசியல் ஆகாது. தாமதத்தில் முதலில் சாகிறவனும் மலைக்காரன்தான்.

ஆகவே நாம் எதிர்க்க வேண்டியது வேகத்தை அல்ல, வேகத்தின் ஓரவஞ்சனையை. கோபுரத்துக்கு 67 நாள் கெடு என்றால் பட்டாவுக்கும் கெடு வேண்டும். புறம்போக்கில் குழி தோண்டுமுன் கிராமசபை கூடட்டும். அதற்கும் நாள் குறிக்கட்டும். ஊர் வாயைத் திறந்து சொல்வது மட்டுமே ஊரின் சம்மதம்.